குளோரோகுயின் கசப்பும் புதுக் குளிசையும்: மலேரியா கேள்வி-பதில்

மாரி மழை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் டெங்கைப் பற்றித்தான். இந்த முறை மலேரியா பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆபிரிக்கப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கூடியதுதான் காரணமோ என்னவோ. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை: நாங்கள் படித்த காலத்தில் காய்ச்சல் என்றால் குளோரோகுயின் தருவார்கள். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. இப்போது அது வேலை செய்யாதாமே, உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா டொக்டர்?

உடம்புக்கு ஒன்றும் பழகவில்லை, டீச்சர். மாறியது கிருமி. அதுவும் எல்லாக் கிருமியும் மாறவில்லை. கோடிக்கணக்கில் இருப்பவற்றில் தற்செயலாக ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் குணம் வாய்க்கிறது. மற்றவை செத்துப்போக, அவை மட்டும் பெருகுகின்றன.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று வளரும். தின்ற மிச்சத்தில் வரும் 'ஹீம்' அதற்கே நஞ்சு. அதனால் அதைப் பளிங்காக்கித் தனக்குள் இருக்கும் ஒரு பைக்குள் ஒதுக்கிவிடும். இரத்த ஸ்லைட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிருமிக்குள் பழுப்பாக ஒரு பொட்டுத் தெரியுமே, அது இந்தக் குப்பைதான். குளோரோகுயின் அந்தப் பைக்குள் போய், ஹீமைப் பளிங்காக விடாமல் தடுக்கும். கிருமி தன் கழிவாலேயே சாகும். எதிர்ப்புள்ள கிருமியிலோ பையின் சுவரில் உள்ள ஒரு புரதம் மாறியிருக்கும். தோணிக்குள் ஏறும் தண்ணீரை இறைத்து ஊற்றுவது போல, மருந்து வர வர அது வெளியே தள்ளிவிடும்.

இந்த மருந்தை ஜெர்மனியில் முதலில் தயாரித்தது 1934இல். அதே ஆண்டு தொடங்கிய கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். நச்சுத்தன்மை கூடியது என்று அப்போது மருந்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். உலகப்போருக்குப் பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது. 1950களின் கடைசியிலேயே தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் எதிர்ப்புத் தலைகாட்டியது. இலங்கையில் 1984இல் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் உயிரை எடுக்கும் பல்சிபாரம் வகையின் கதை. வைவக்ஸ் வகைக்கு இன்றைக்கும் இங்கே குளோரோகுயின்தான் கொடுக்கிறோம். ஆகவே உங்கள் கசப்பு மருந்து முழுதாக ஓய்வு பெறவில்லை.

கிண்ணியாவிலிருந்து: என் கணவருக்குச் சென்னையில் தங்கியிருந்தபோது மலேரியா வந்து சுகமானது. ஊருக்கு வந்து மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இது மருந்து எதிர்ப்பா?

பெரும்பாலும் இல்லை. வைவக்ஸ் கிருமி ஈரலுக்குள் போய்த் தூங்கக்கூடியது. இரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயின் கொல்லும், ஈரலில் தூங்குவதைத் தொடாது. அதற்குப் பிறைமாகுயின் 14 நாள் விழுங்க வேண்டும். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் குளிசையையும் விட்டுவிடுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். அவர் எத்தனை நாள் போட்டார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஒரே தடவை விழுங்கினால் போதுமான டாஃபெனோகுயின் என்ற மருந்துக்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த இரண்டு மருந்துமே சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் முதலில் அந்த இரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் மருந்து.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: மகன் உகண்டாவுக்கு வேலைக்குப் போகிறான். என்ன குளிசை வாங்கிக் கொடுத்துவிடலாம்?

பார்மசியில் நீங்களாக ஒன்றும் வாங்க வேண்டாம், அம்மா. போக முன்பே மகனை மலேரியாத் தடை இயக்கத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எந்த நாடு, எத்தனை நாள், வேறு வருத்தம் உண்டா என்று கேட்டு, தடுப்புக் குளிசையை இலவசமாகவே தருவார்கள். பழைய குளோரோகுயினை நம்பி ஆபிரிக்கா போவது வெறுங்கையோடு போவது மாதிரி.

திரும்பி வந்த பிறகுதான் பெரிய பிழை நடக்கிறது. பல வருடத்துக்கு முன் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு கப்பல்காரப் பையனைப் பார்த்தேன். காய்ச்சல், தலையிடி, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. டெங்கு என்று ஓரிடத்தில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். என்னிடம் வந்தபோதும் நான் முதலில் டெங்கு என்றுதான் நினைத்தேன். "தம்பி, எங்கே இருந்து வந்தீர்?" என்று கேட்டது தாதி, நான் இல்லை. ஸ்லைட்டைப் பார்த்தால் சிவப்பணுவுக்குச் சிவப்பணு மோதிரம் போல மலேரியாக் கிருமி. மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கத் தோன்றவில்லை. பையன் தப்பினான். உங்கள் மகனுக்கு, வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டொக்டர் கேட்கும்வரை பொறுக்காமல் "நான் உகண்டாவில் இருந்து வந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவர்: ஆர்ட்டெமிசினினுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது என்று படித்தேன். அடுத்து என்ன மருந்து இருக்கிறது?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று பல்சிபாரத்துக்கு முதலில் கொடுக்கும் ஆர்ட்டெமிசினின் வகை மருந்து மின்னல் வேகத்தில் கொல்லும், ஆனால் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். கரைவலை இழுத்த பிறகும் ஓரத்தில் நழுவும் மீன் போலக் கொஞ்சக் கிருமி மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் நாட்கணக்கில் இரத்தத்தில் தங்கும் லூமெஃபான்றின் போன்ற ஒரு துணை மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம். ஒரு கிருமிக்குத் தற்செயலாக ஒரு மருந்தைத் தாங்கும் குணம் வரலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் தாங்கும் குணம் வருவது மிக மிக அரிது. ஆர்ட்டெமிசினினைத் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2006இல் சத்தம் போட்டதற்கு இதுதான் காரணம்.

அப்படியிருந்தும் 2008 வாக்கில் மேற்குக் கம்போடியாவில் கிருமி மெதுவாகச் சாகத் தொடங்கியது. 'கெல்ச்13' என்ற மரபணுவில் மாற்றம். இதன் தந்திரம் குளோரோகுயின் கதையைவிடச் சுவையானது. கிருமி ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளிவரும் ஹீம்தான் ஆர்ட்டெமிசினினைத் தூண்டி நஞ்சாக்குகிறது. மாறிய கிருமி இளம் பருவத்தில் தீனியைக் குறைத்துவிடுகிறது. மருந்து போகும்வரை வாயைக் கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, பிறகு எழும்பிச் சாப்பிடுகிறது! இந்த மாற்றம் ருவாண்டா, உகண்டா, எரித்திரியா, தான்சானியாவிலும் தென்பட்டுவிட்டது. 2023இல் மலேரியாவால் இறந்த 597,000 பேரில் பெரும்பாலோர் ஆபிரிக்கச் சிறுபிள்ளைகள். கவலை அதனால்தான். துணை மருந்து தாக்குப் பிடிக்கும்வரை நோயாளி சுகமாகிறார், அதுவும் தோற்றால் கையில் ஒன்றும் இல்லை.

புதியவற்றில் முன்னால் நிற்பது கனாபிளசைட். நோவார்ட்டிஸ் நிறுவனம் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் சலித்து எடுத்தது. 1999இல் ஜெனீவாவில் தொடங்கிய இலாப நோக்கற்ற மலேரியா மருந்து அமைப்பு ஒன்றும் கூட்டு. கிருமிக்குள் புரதங்கள் இடம்விட்டு இடம் போகும் பாதையையே இது குழப்புகிறது, ஆகவே பழைய தந்திரங்கள் பலிக்காது. லூமெஃபான்றினோடு சேர்த்து 12 ஆபிரிக்க நாடுகளில் 1,688 பேரிடம் சோதித்த முடிவு 2025 நவம்பரில் வந்தது. சுகமானவர்கள் 97.4 வீதம், வழமையான மருந்தில் 94 வீதம். நாளுக்கு ஒரு பைக்கற்று, மூன்று நாள். நுளம்புக்குப் போய்ச்சேரும் பருவக் கிருமியையும் இது தாக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். பத்துப் பதினைந்து வருடம் ஆகும், கோடிகளில் செலவு. வாங்குகிறவர்களோ காசில்லாதவர்கள். மருந்து கைக்குழந்தைக்கும் ஒத்துப்போக வேண்டும், வெயிலில் கெடக்கூடாது, தேத்தண்ணிக் காசில் கிடைக்க வேண்டும். புற்றுநோய் மருந்துக்கு இத்தனை நிபந்தனை கிடையாது.

நிலாவெளியிலிருந்து: ஆர்ட்டெமிசினின் மூலிகையில் இருந்து வந்ததுதானே, இலையை அவித்துக் குடித்தால் போதாதா?

போதாது. அந்த மருந்தைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூவே அவிப்பதைக் கைவிட்ட பிறகுதான் வென்றார். சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தார். 2015இல் நோபல் பரிசு. கஷாயத்தில் வரும் கொஞ்ச மருந்து கிருமியைக் கொல்லாது, எதிர்ப்புக்குப் பழக்கித்தான் விடும். நிலவேம்புக்கும் இதே பதில்.

திருகோணமலை நகரிலிருந்து: மலேரியா ஒழிந்துவிட்டது என்று சான்றிதழே தந்தார்களே, பிறகு ஏன் இன்னும் வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கிறார்கள்?

உள்ளூர்க் கிருமி தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில், சான்றிதழ் 2016 செப்டம்பரில். ஒழிந்தது கிருமி, நுளம்பு அல்ல. மாவலி வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும்போது பெருகும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. கிணற்றிலும் தொட்டியிலும் வளரும் ஸ்டீபன்சி என்ற இன்னொன்றும் 2016இல் மன்னாரில் அகப்பட்டது. விமானத்தில் வரும் ஓர் ஆளின் இரத்தம் போதும். வந்தால் விரலைக் கொடுங்கள்.

உவர்மலையிலிருந்து: கைவிட்ட மருந்து எப்போதாவது திரும்ப வேலை செய்யுமா?

செய்திருக்கிறது. மலாவி 1993இல் குளோரோகுயினை நிறுத்தியது. மருந்து இல்லாத இடத்தில், மருந்தை வெளியே இறைக்கிற எதிர்ப்புக் கிருமிக்கு அந்த வேலை வீண் சுமை. சாதாரணக் கிருமி முந்திக்கொண்டது. பன்னிரண்டு வருடம் கழித்துப் பிள்ளைகளிடம் சோதித்தபோது அநேகமாக எல்லோரும் அதே குளோரோகுயினில் சுகமானார்கள். அதற்காக அதை மறுபடி தனியாகக் கொடுக்கத் தொடங்கவில்லை, கொடுத்தால் இறைக்கிற கிருமி திரும்பி வர எத்தனை நாள் ஆகும்?