மினியேச்சர் மாடலில் துரு: கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: வாய்க்கால் மதகு ஷட்டர், 1:35 அளவு. முழுக்க ஆரஞ்சு அடித்தும் பொம்மை மாதிரியே இருக்கிறதே?

ஆரஞ்சுதான் கெடுக்கிறது. அது புதுத் துரு. பழசு கருங்காப்பி நிறம். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) அடித்துக் காய்ந்ததும், கிழித்த ஸ்பாஞ்சால் பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு) திட்டுத் திட்டாக ஒற்றுங்கள். ஆரஞ்சு கடைசியில், போல்ட் அடியில் ஊசிமுனையளவு போதும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். இடைப்பட்ட கோடையில் போய் நிஜ ஷட்டரைப் பாருங்கள். தண்ணீர் ஏறி இறங்கும் பட்டையில்தான் துரு அதிகம். அதற்குக் கீழே காய்ந்த வண்டலின் சாம்பல் பூச்சு. தூக்குகிற திருகுத் தண்டில் துரு வைக்காதீர்கள், அங்கே கிரீஸ் இருக்கும். கறுப்பு மினுமினுப்பு போதும். 1 மி.மீ. திட்டு நிஜத்தில் 3.5 செ.மீ. என்பதும் நினைவிருக்கட்டும்.

கும்பகோணம் வாசகர்: அடியில் உள்ள துரு நிறம் தெரிய மேல் பெயின்டை உரிக்கும் ஹேர்ஸ்ப்ரே முறையில், மேல் பெயின்ட் உரிய மாட்டேன் என்கிறது.

துரு நிறத்துக்கு மேல் வார்னிஷ் அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ஹேர்ஸ்ப்ரே 2 மெல்லிய கோட், அதன்மேல் மெல்லிய அக்ரிலிக். அரை மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் தடவி, முடியைக் கட்டையாக வெட்டிய பிரஷால் தேயுங்கள். ராத்திரி முழுக்கக் காயவிட்டாலோ, மேல் கோட் தடித்தாலோ, எனாமல் அடித்தாலோ உரியாது. பாளம் பாளமாக வந்தால் ஹேர்ஸ்ப்ரே அதிகம். அடிநிறமும் கூடவே வந்தால் வார்னிஷைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

திருவாரூர் வாசகி: அரிசி ஆலைத் தகரக் கூரைக்கும் இதே வழியா?

வேண்டாம். அது துத்தநாகம் பூசிய தகரம். முதலில் மங்கிச் சாம்பல் வெள்ளையாகும். துரு தொடங்குவது ஆணித் துளை, வெட்டிய ஓரம், தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், இந்த மூன்றில்தான். நடுவில் அப்பினால் பொய் பல்லிளிக்கும்.

நாகப்பட்டினம் வாசகர்: எஃகு விசைப்படகில் துரு வழிந்த கோடு?

ஆயில் பெயின்டை அட்டையில் அரை மணி நேரம் வைத்தால் எண்ணெய் இறங்கிவிடும். புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தட்டை பிரஷால் மேலிருந்து கீழே மட்டும் இழுங்கள். அடியில் வார்னிஷ் கட்டாயம்.

சீர்காழி வாசகர்: ஐப்பசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் வெளுத்துப் போகிறது.

காற்றின் ஈரம். மழைக்காலத்தில் ஸ்ப்ரே டப்பாவை மூட்டைகட்டிவிட்டு பிரஷில் பூசுங்கள். வெளுத்ததன்மேல் வெயில் நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் தெளியும்.