ரெண்டு பிள்ளைங்க இருக்கிறவரை கட்டிக்கப் போறேன், என் ஃபிளாட் யாருக்குப் போகும்?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. வயசு 38, முதல் கல்யாணம். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், ரெண்டு பிள்ளைங்க. இவங்க பேர்ல லோன் போட்டு வாங்கின ஃபிளாட், 30 பவுன் நகை, அப்பா உயில் எழுதாம தவறினதால பங்கா வந்த நிலம் இருக்கு. எல்லாத்தையும் இப்பவே அம்மா பேருக்கு மாத்திடுன்னு வீட்ல சொல்றாங்களாம்.

மாத்தாதீங்க மேடம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 14வது பிரிவுப்படி உங்க சொத்து முழுக்க உங்களோடது, தாலி கட்டினதால அதுல யாருக்கும் பங்கு வந்துடாது. அம்மாவுக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டா திருப்பி வாங்கறது ரொம்ப கஷ்டம், அம்மா உயில் எழுதாம போனா உங்க கூடப்பிறந்தவங்களும் அதுல பங்கு கேப்பாங்க.

சிக்கல் உங்க காலத்துக்கு அப்புறம்தான். உயில் இல்லாம, சொந்தப் பிள்ளையும் இல்லாம நீங்க போனா 15வது பிரிவுப்படி ஃபிளாட் மொத்தமும் கணவருக்கு. அவர் முந்திப் போயிட்டா 'கணவரோட வாரிசுகளுக்கு', அதாவது மூத்தாள் பிள்ளைங்களுக்கு, பெத்த அம்மா அவங்களுக்கும் பின்னாடிதான். மூத்தாள் பிள்ளைங்க உங்க மகன் மகள் கணக்குல வர மாட்டாங்கன்னு 1987ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா இப்படி பின்வாசல் வழியா வந்துடுவாங்க. இ.எம்.ஐ கட்டினது நீங்க, சட்டம் பாக்கறது புருஷன் வீட்டை, எனக்கே இது ஒப்பல. அப்பா நிலம் மட்டும் உங்களுக்குப் பிள்ளை இல்லேன்னா அப்பாவோட வாரிசுகளுக்கே திரும்பிடும்.

இதுக்கெல்லாம் மருந்து உயில்தான். வெள்ளைத்தாளே போதும், ரெண்டு சாட்சி உங்க முன்னாடி கையெழுத்து போடணும், சொத்து வாங்கப்போறவங்களை சாட்சியா போடாதீங்க. ரிஜிஸ்டர் பண்றது கட்டாயமில்ல, ஆனாலும் பண்ணிடுங்க. அந்தப் பிள்ளைங்க மேல பாசம்னா அவங்களுக்கும் ஒரு பங்கு எழுதலாம், அது உங்க இஷ்டம். இந்துக்களுக்கு கல்யாணத்தால உயில் ரத்தாகாது, அதனால இப்பவே எழுதலாம் (கிறிஸ்தவங்களுக்கு ரத்தாகிடும், அவங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான் எழுதணும்). பேங்க்ல அம்மாவை நாமினியா போட்டிருக்கேனேன்னு இருக்காதீங்க, நாமினி பணத்தை வாங்கி வாரிசுகிட்ட கொடுக்கிற ஆள், ஓனர் இல்ல. சினிமாக்காரங்க பேசற பிரீநப் (கல்யாணத்துக்கு முன்னாடியே சொத்து பத்தி எழுதிக்கிற ஒப்பந்தம்) எல்லாம் நம்ம ஊர் கோர்ட்ல நிக்கும்னு நம்பாதீங்க.

நகையை போட்டோ எடுத்து பில்லோட வைங்க, லாக்கர் உங்க ஒருத்தர் பேர்ல இருக்கட்டும். மீதி இ.எம்.ஐயை நானே கட்டறேன்னு அவர் ஆசையா சொல்லுவாரு பாருங்க, அங்கதான் உஷாரா இருக்கணும், நாளைக்கு ஃபிளாட்ல என் காசும் இருக்குன்னு கேஸ் வரும். வீட்டுச் செலவை அவர் பாத்துக்கட்டும், இ.எம்.ஐ மட்டும் உங்க சம்பள அக்கவுண்ட்லேர்ந்தே போகட்டும்.