பதம் சொல்லாத சமையல் புத்தகத்தை வாங்காதீர்கள்

வீட்டில் சமைப்பவர்களுக்கு ஒரு சிறந்த சமையல் புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகத் தனிக்குடித்தனம் போனவராகவோ, வேலை நிமித்தம் வெளியூரில் தங்கியிருப்பவராகவோ இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அடுப்பருகே நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. எனக்கு எழுந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா காலமாகிவிட்டார். எனவே சமையலைப் புத்தகங்களிலிருந்துதான் கற்றேன். "அவள் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறவள்" என்று உறவினர்கள் இளக்காரமாகச் சொல்வதை இருபது ஆண்டுகளாகக் கேட்டும் வருகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2006-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து படுத்துவிட்டார். எங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் படைப்பது வழக்கம். அதுவரை அதை அவர்தான் செய்துவந்தார். வலியோடு இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எண்ணி, கல்யாணப் பரிசாக வந்திருந்த ஒரு கனத்த புத்தகத்தை எடுத்தேன். வழவழப்பான தாள், பதார்த்தத்துக்கு ஒரு வண்ணப்படம். ஆனால் அதிரசத்துக்கு ஐந்தே வரிகள். அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, அரைத்து, வெல்லப்பாகு காய்ச்சி, அதில் மாவைக் கொட்டிக் கிளறி, மறுநாள் தட்டிப் பொரிக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற அளவும் சரியாகவே இருந்தது. பாகு என்ன பதத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. மைசூர்பாகுக்குக் கம்பிப் பதம் என்று படித்திருந்த நினைவில், விரலிடையே ஒரு கம்பி இழுத்ததும் இறக்கி மாவைக் கொட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் நெய் தடவிய வாழையிலையில் முதல் அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் விட்டேன். அது மேலே எழுந்து வந்தது. ஒரு கணம் உப்பியது. பிறகு ஓரங்களிலிருந்து வலைபோல ஓட்டை விழுந்து, துணுக்குத் துணுக்காகப் பிரிந்து, சட்டி முழுவதும் பழுப்பு நுரையாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே கரைந்தது. பொரியும் வாசனையை வைத்தே கண்டுகொண்ட மாமியார், படுத்திருந்த அறையிலிருந்து கேட்டார்: "பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தியாம்மா?"

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டால், அது கரையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரியும், தாண்டிவிட்டால் கல்லாகிவிடும். மாவும் வெயிலில் காய்ந்ததாக இருக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, ஈரம் மிச்சமிருக்கும்போதே அரைத்ததாக இருக்க வேண்டும், பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிர வேண்டும். இவற்றையெல்லாம் அவர் படுக்கையிலிருந்தே சொன்னார். மிச்ச மாவில் இரண்டு கை அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து மாலைவரை மூடிவைக்கச் சொன்னார். அன்று மாலை 21 அதிரசம் தேறியது. சற்றுக் கடினமாகத்தான் இருந்தன, ஆனால் எதுவும் கரையவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். அளவை மட்டும் சொல்லும் புத்தகம் பாதிப் புத்தகம். பதத்தைக் கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் புரியும்படி சொல்லி, தவறிப்போனால் எப்படித் தவறும், அப்போது என்ன செய்யலாம் என்பதையும் சொல்லும் புத்தகமே வீட்டுக்கு உரியது. ஐந்து நிமிடம் வதக்கவும் என்று எழுதுவதால் பயனில்லை. என் அடுப்பும் உங்கள் அடுப்பும் ஒன்றல்ல. பச்சை வாசனை போகும்வரை, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை என்று எழுதினால் எந்த அடுப்பிலும் அது செல்லும்.

அப்படியானால் அளவே வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. அளவு வேண்டும், அதுவும் ஐயத்துக்கு இடமில்லாமல் வேண்டும். எலுமிச்சை அளவு புளி என்று எழுதுபவர் அது புதுப் புளியா, கறுத்த பழம்புளியா என்று சொல்லாவிட்டால் குழம்பின் புளிப்பு மாறிவிடும். பத்து மிளகாய் என்றால் குண்டு மிளகாயா, நீட்டு மிளகாயா, நிறத்துக்காகப் போடும் காஷ்மீரி மிளகாயா? ஒரு தேக்கரண்டி கல் உப்பும் ஒரு தேக்கரண்டி தூள் உப்பும் எடையில் ஒன்றல்ல.

1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஆழாக்கிலும் ரூபாய் எடையிலும் அளவு சொல்கிறது. மெட்ரிக் அளவைக்கான சட்டமே இந்தியாவில் 1956-இல்தான் வந்தது. ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, ரூபாய் எடை என்பது ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு நான் இன்றும் அதைப் பயன்படுத்துகிறேன். வழக்கொழிந்த அளவாக இருந்தாலும் அது ஒரு திட்டமான அளவு. கணக்குப் போட்டு மாற்றிக்கொள்ள முடிகிறது. "தேவையான அளவு" என்பதை எதைக் கொண்டு மாற்றுவது?

இன்னொரு மனக்குறையும் உண்டு. இப்போது வரும் புத்தகங்களில் "தயாரிப்பு நேரம் 15 நிமிடம்" என்று தலைப்பிலேயே அச்சிடுகிறார்கள். கீழே பொருள்பட்டியலில் "உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ" என்று இருக்கும். அந்த வெங்காயத்தை யார் உரித்தார்கள்? தேங்காயை யார் துருவினார்கள்? வீட்டில் சமைக்கும் ஒருத்தியின் உழைப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் நேரம் குறிப்பது பொய்க்கணக்கு. அதை நம்பி அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கிய நாள்கள் எனக்கு உண்டு. எழுதியவர் தம் வீட்டு அடுப்பில், நான்கு பேருக்கான அளவில், உதவிக்கு ஆளில்லாமல் ஒருமுறையாவது செய்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

காணொளி இருக்கும் காலத்தில் புத்தகம் எதற்கு என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கே காட்டப்படுவது பெரும்பாலும் சரியாக வந்த ஒரு தடவைதான். கரைந்துபோன அதிரசத்தை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

கடையில் வாங்கும்போது, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு பதார்த்தத்தின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். இட்லி தெரியும் என்றால் இட்லிப் பக்கத்தை. நாலுக்கு ஒன்று என்று அரிசி உளுந்து அளவு எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். உளுந்து போதுமான அளவு அரைபட்டதா என்று அறிய மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்றும், சித்திரையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும் மாவுக்கு மார்கழியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், படமே இல்லாத மலிவுப் பதிப்பாக இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள்.