அட்டையோடு வாசலில் நின்றவர்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயரே சேர்க்கவில்லை. "ஒரு ஓட்டால என்னம்மா ஆயிடப் போகுது?" என்கிறான். 2024 தேர்தல் வெள்ளிக்கிழமையில் வந்ததால் குடும்பத்தோடு மூன்று நாள் ஏற்காடு போனோம். கிளம்புகிற நேரத்தில் 86 வயது மாமியார் வாக்காளர் அட்டையோடு வாசலில் வந்து நின்றது வேறு எரிச்சல். அது போகட்டும். மகனுக்குப் பொறுப்பு வர என்ன செய்வது?
- தி.நகர் வாசகி

பதில்: அது ஏன் போகட்டும்? தேர்தலுக்குத் தேர்தல் இப்படிக் கடிதங்கள் வருகின்றன. மகனைத் திருத்த வழி கேட்பார்கள், தாங்கள் ஓட்டுப் போட்டோமா என்று மட்டும் எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதிவிட்டீர்கள், தெரியாமல்.

மாமியாரைத் தாண்டித்தானே பெட்டிகளைக் காரில் ஏற்றினீர்கள்? மகனும் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? ஓட்டுப்பதிவு காலை 7 மணிக்கே தொடங்கிவிட்டது. மாமியாரையும் அழைத்துக்கொண்டு சாவடிக்குப் போய்விட்டுக் கிளம்பியிருந்தால்கூடப் பொழுது சாய்வதற்குள் ஏற்காடு. அதுவும் முடியாதென்றால், 85 வயது தாண்டியவர்கள் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுத்தால் போதும், அதிகாரிகளே வீட்டுக்கு வந்து தபால் ஓட்டு வாங்கிப் போனார்கள். அந்த ஒரு தாளை நிரப்பித்தர வீட்டில் ஆளில்லை. பெரியவர்களுக்கு மாத்திரையும் சாப்பாடும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

ஒரு ஓட்டா? 2008-ல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 2021 சட்டமன்றத் தேர்தலில் உங்கள் தி.நகரில் வித்தியாசம் 137. இரண்டு அடுக்குமாடிக் கட்டடத்து ஆட்கள் அன்று வெளியூர் போனாலே கணக்கு மாறிவிடும். 2024-ல் தென்சென்னையில் பதிவானது சுமார் 54 சதவீதம்தான். மீதிப் பேர் வராததால் முடிவு நடுநிலையாகிவிடாது. கட்சிக்காரர்கள் ஆட்டோ வைத்துத் தங்கள் ஆட்களைக் கூட்டிவந்துவிடுவார்கள். எந்தத் தெரு வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீர் நிற்கும்போது அந்தத் தெருவுக்கு யார் முதலில் வருவார்?

முதலில் மாமியாரிடம் மன்னிப்புக் கேளுங்கள், மகன் காதில் விழும்படி. அப்புறம் பட்டியலில் பெயர் சேர்க்கும் 6-ஆம் எண் படிவத்தை அவனே நிரப்பட்டும். அடுத்த தேர்தலன்று பாட்டியைச் சாவடிக்கு அழைத்துப்போவது அவன் வேலை. கார் சாவியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.