நிலநடுக்கத்தை ஆய்வகத்துக்குள் வரவழைப்பது எப்படி? கட்டமைப்புச் சோதனைப் பொறியாளரிடம் சில கேள்விகள்

கேள்வி: நடுக்க மேசை என்றால் கட்டடத்தை ஏற்றி ஆட்டிப் பார்ப்பது, அவ்வளவுதானே?

பதில்: கண்டபடி ஆட்டுவதில்லை. நிஜ நிலநடுக்கத்தில் கருவிகள் பதிந்த தரை முடுக்கத்தையே மேசை திரும்ப நிகழ்த்துகிறது. 1940இல் கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோ, 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கப் பதிவுகள் எங்களுக்குப் பழகிப்போனவை. கோபே அழிவுக்குப் பிறகுதான் ஜப்பானில் இ-டிஃபென்ஸ் என்ற மாபெரும் நடுக்க மேசை உருவானது. 2005 முதல் இயங்குகிறது. மேசை 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். 1,200 டன் வரை ஏற்றலாம்.

கேள்வி: எங்கள் கல்லூரி மேசை சிறியது. கால் அளவில் கான்கிரீட் மாதிரி செய்தால் போதுமா ஐயா?

பதில்: போதும், ஆனால் பாரத்தை மறந்துவிடாதீர்கள். அளவு காலாகும்போது தூணின் வெட்டுப்பரப்பு 16இல் ஒரு பங்கு ஆகிறது, எடையோ 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. உண்மையான தகைவு, அதாவது பரப்பின் ஒவ்வோர் அலகிலும் விழும் விசை, வர வேண்டுமானால் மாதிரியின் எடையைப் போல் மூன்று மடங்கை இரும்புக் கட்டிகளாக மேலே ஏற்ற வேண்டும். நேரமும் சுருங்கும்: 20 விநாடிப் பதிவை 10 விநாடியில் ஓட்டுங்கள். இவ்வளவும் செய்தபின்பும் மெல்லிய கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பு அசலைப் போல் இருக்காது. மாதிரியின் விரிசல்களை வைத்துத் தீர்ப்பு எழுத நான் எப்போதும் தயங்குவேன்.

கேள்வி: சில ஆய்வகங்களில் தூணை மணிக்கணக்கில் மெதுவாகத் தள்ளி இழுக்கிறார்கள். இதுவா நிலநடுக்கம்?

பதில்: கேலி புரிகிறது. ஆனால் மேசையில் எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். எது முதலில் உடைந்தது என்று வீடியோவில் தேட வேண்டியதுதான். மெதுவான சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தி, விரிசல்மேல் பேனாவால் கோடு போடலாம். விசையையும் இடப்பெயர்ச்சியையும் வரைந்தால் வளையம் வளையமாக வரும். வளையம் கொழுத்திருந்தால் தூண் ஆற்றலை உறிஞ்சுகிறது. வளையத்தின் நடுவில் இடுப்பு ஒடுங்கினால் கம்பி நழுவுகிறது அல்லது வெட்டு விரிசல் திறந்து மூடுகிறது.

கேள்வி: அப்படியானால் நிலைம விசை, அதாவது கட்டடத்தின் நிறை அசைவை எதிர்க்கும் விசை, எங்கே போயிற்று?

பதில்: கணினிக்குள். போலி இயக்கச் சோதனை என்ற முறையில் நிலைமத்தையும் தணிப்பையும் (ஆட்டம் தானே அடங்கும் தன்மை) கணினி கணக்கிட்டு, அடுத்த நகர்வைச் சொல்லும். ஹைட்ராலிக் உந்திகள் அந்த அளவு தள்ளும். கட்டடம் எதிர்த்த விசை மறுபடி கணக்கில் சேரும்.

கேள்வி: ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஆட்டலாமா?

பதில்: ஆட்டலாம், சிறிய நடுக்கத்திலிருந்து தொடங்கி. ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய அதிர்வு கொடுத்து இயல் அதிர்வெண்ணை, அதாவது மாதிரி தன்னியல்பாக விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதை, அளந்துகொள்ளுங்கள். அது பாதியாகிவிட்டால், சுவரில் பெரிதாக எதுவும் தெரியாவிட்டாலும், விறைப்பில் கால்வாசிதான் மிச்சம்.