வேலிக்கு வெளியே ஏழாவது ஆள்

வாசகர் கடிதம்:

"டெக்சாஸில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. வேறொரு மாநிலத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டென்னிஸ் உதவித்தொகையில்தான் சேர்ந்தாள், டிவிஷன் ஒன் அணி, கல்லூரி விளையாட்டில் மேல்மட்டம். ஆறு வயதிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போனவன் நான். இப்போது 'போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு வேறு காலேஜுக்குப் போகிறேன்' என்கிறாள். இந்த வருடம் புதிதாக மூன்று பேரை எடுத்ததில் இவளுக்கு ஆட இடமில்லாமல் போய்விட்டது. இவளைச் சேர்த்த கோச் போன வருடமே இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், அது வேறு கதை. கஷ்டம் வந்தால் தாங்கி நிற்கவேண்டும் என்று சொல்லி வளர்த்தேன். நான் 17 வருடமாக ஒரே கம்பெனி. என் அப்பா பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் 31 வருடம் பாடம் நடத்தியவர். 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்னு அவகிட்ட சொல்லு' என்கிறார். சொன்னேன். 'எல்லாரும் போறாங்கப்பா, இதுல என்ன இருக்கு' என்கிறாள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே கிடையாதா? என்ன சொல்லி இவளைத் தடுப்பது?"

— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 'அது வேறு கதை' என்ற இடத்தில்தான் நின்றேன். அது வேறு கதை இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வீட்டை விட்டு இவ்வளவு தூரம் படிக்கப் போனது ஒரு கோச்சின் பேச்சை நம்பி. அவர் கிளம்பிவிட்டார். அவரிடம் யாரும் அம்மி, அடி என்று பேசியிருக்க மாட்டார்கள். வாழ்த்து சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

பெரிய ஆட்டங்களில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். 2021 நவம்பரில் ஓக்லஹோமாவின் அமெரிக்கக் கால்பந்து கோச் லிங்கன் ரைலி தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ரசிகர்கள் கொஞ்ச நாள் திட்டினார்கள். ஆனால் 'வந்த இடத்தில் ஒரு வருடம் சும்மா உட்கார்' என்று எந்த விதியும் அவரிடம் சொல்லவில்லை. அதே கால்பந்தில் மாணவன் இடம் மாறினால் பல காலமாக விதி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு முழு வருடம் பயிற்சி செய்யலாம், போட்டியில் இறங்கக் கூடாது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள். விளையாட்டு வீரர்களின் படிப்புக் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை. 2000களின் நடுவில் ஒரு வாலிபால் பெண் என்னிடம் வருவாள். கோச்சோடு ஒத்துப்போகவில்லை, வேறு கல்லூரிக்குப் போக ஆசை. டென்னிஸ், வாலிபால் மாதிரி ஆட்டங்களில் ஒருமுறை மாறிக்கொள்ள அப்போதே வழி இருந்தது. ஆனால் பழைய கல்லூரி கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் புதிய கல்லூரி உதவித்தொகை தர முடியாது. அவளை விடவில்லை. கைக்காசு போட்டுப் படிக்க வீட்டில் வசதியும் இல்லை. நான்கு வருடத்தையும் அங்கேயே ஓட்டினாள். கடைசி வருட விருந்தில் நான் எழுந்து அவளுடைய விடாமுயற்சியை மெச்சி ஐந்து நிமிடம் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்தபோது அவள் கேட்டாள், "எனக்கு வேறு வழி ஏதாவது இருந்ததா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

2018 அக்டோபர் 15ஆம் தேதி போர்ட்டல் வந்தது. போர்ட்டல் என்றதும் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம், அது ஒரு பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். மாற விரும்பும் மாணவி எழுதிக் கொடுத்தால் கல்லூரி அவள் பெயரைப் பட்டியலில் ஏற்றியாக வேண்டும். அதன் பிறகு மற்ற கல்லூரிகள் அவளோடு பேசலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். 2021இல் கால்பந்து, கூடைப்பந்துக்காரர்களும் ஒருமுறை வருடத்தை இழக்காமல் மாறலாம் என்றார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. ஆக, முந்தைய தலைமுறைக்காரர்கள் பொறுமையாக நின்றதில் பொறுமைக்கு எவ்வளவு பங்கு, பூட்டின கதவுக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதையே உங்களிடமும் கேட்கத் தோன்றுகிறது. 17 வருடம் ஒரே கம்பெனி என்கிறீர்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்தைத் தாண்டி நீள்வது நாம் அறியாததா? நடுவில் வேலை மாறினால் காகிதங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்! உங்கள் நிலைமை எனக்குத் தெரியாது, வேலை பிடித்துப் போய்க்கூட இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் ஒரே மேலாளரிடம் இருந்தது விசுவாசத்தால் இல்லை. அப்பா பாளையங்கோட்டையிலேயே இருந்தார், நீங்கள் அங்கிருந்து டெக்சாஸ் வரை வந்துவிட்டீர்கள். அதை ஓடிப்போனது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, அப்படியானால் மகள் சொல்வதெல்லாம் நியாயமா? அதுவும் இல்லை. 'எல்லாரும் போறாங்க' என்பது காரணமே இல்லை. எல்லாரும் போகிற பட்டியலில் எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை என்பதுதான் இதில் கசப்பான சங்கதி. ஒரு கோச் அழைப்பார் என்று நம்பிப் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு அழைப்பும் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர் கொடுத்த பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உதவித்தொகையைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். திரும்பி வா என்று கூப்பிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. உள்ளே போகச் சுலபமாகத் திறக்கும் கதவு அது. போன பின் நமக்குப் பின்னால் சாத்திக்கொண்டாலும் கொள்ளும்.

இந்த விஷயம் பேசும்போதெல்லாம் எனக்கு ஜேலன் ஹர்ட்ஸ்தான் நினைவுக்கு வருவார். அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். முதல் வருடத்திலிருந்தே அவர்தான் முதல் ஆள். 2018 ஜனவரி, தேசிய இறுதிப் போட்டி, எதிரணி ஜார்ஜியா. பாதி ஆட்டத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு இளையவர் ஒருவரை இறக்கினார்கள். அணி ஜெயித்தது, இவருடைய இடம் போய்விட்டது. உடனே கிளம்பிவிடுவார் என்றுதான் ஊரே எதிர்பார்த்தது. கிளம்பவில்லை. அடுத்த வருடம் முழுக்க இரண்டாவது ஆளாக இருந்தார். அந்த டிசம்பரில் அட்லாண்டாவில் அதே அரங்கம், அதே ஜார்ஜியா. முதல் ஆளுக்குக் காலில் அடி. நான்காவது கால்பகுதியில் ஹர்ட்ஸ் இறங்கி ஆட்டத்தைத் திருப்பினார், 35–28. அதே மாதம் படிப்பை முடித்துப் பட்டத்தை வாங்கினார், அப்புறம்தான் ஓக்லஹோமாவுக்கு மாறினார்.

தாத்தாக்கள் இந்தக் கதையை டிசம்பரோடு நிறுத்திவிடுவார்கள், 'பார்த்தாயா, இருந்தான், ஜெயித்தான்' என்று. பேரப்பிள்ளைகள் ஓக்லஹோமாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். இரண்டும் ஒரே ஆள் செய்தது. 2019இல் கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதான ஹைஸ்மனில் அவர் இரண்டாமிடம். முதலிடம் பெற்ற ஜோ பர்ரோ, ஓஹாயோ ஸ்டேட்டில் ஆட இடம் கிடைக்காமல் பட்டத்தை முடித்துவிட்டு லூசியானா ஸ்டேட்டுக்கு மாறியவர். மூன்றாமிடம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், அவர் ஜார்ஜியாவிலிருந்து ஓஹாயோ ஸ்டேட்டுக்கு வந்தவர். அந்த வருடம் முதல் மூன்று பேருமே இடம் மாறினவர்கள்! ஹர்ட்ஸ் 2025 பிப்ரவரியில், தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆட்ட நாயகன்.

இதைச் சொன்னதற்காக உங்கள் மகள் இதை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒன்று சொல்லுங்கள்: ஹர்ட்ஸும் பர்ரோவும் கையில் பட்டத்தோடு போனார்கள். அவள் இரண்டாம் ஆண்டில் நிற்கிறாள், அதுவும் பொறியியலில். இதுதான் என் பெரிய கவலை. டிவிஷன் ஒன் விதிப்படி இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடிந்திருக்க வேண்டும். புதிய கல்லூரி இவள் படித்து முடித்த பாடங்களின் கிரெடிட்டுகளை ஏற்றுக்கொள்ளும்தான், ஆனால் எந்தக் கணக்கில்? 'பொது விருப்பப் பாடம்' என்று வரவு வைத்துவிட்டால் இயந்திரப் பொறியியல் பட்டத்துக்கு அது உதவாது. அப்போது ஒன்று ஆட்டத் தகுதி போகும், இல்லையென்றால் தகுதியைக் காப்பாற்ற லேசான படிப்புக்கு மாற வேண்டி வரும். என்னிடம் ஒரு பையன் வந்தான், மூன்றாவது கல்லூரி. பட்டத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கிரெடிட் சேர்த்திருந்தான், எந்தப் பட்டத்துக்கும் அது முழுசாகப் பொருந்தவில்லை. ஐந்து கடையில் அரிசி வாங்கிவிட்டு ஒரு வேளைச் சோற்றுக்கு அலைந்த மாதிரி.

கால்பந்தில் மாறுகிறவர்களுக்கு லட்சக்கணக்கில் டாலர் கிடைக்கிறது என்று செய்தி படித்துவிட்டு உங்கள் மைத்துனர்களில் யாராவது ஏதாவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று வந்திருப்பது உண்மை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான். டென்னிஸ் பெண்ணுக்கு நடப்பது வேறு.

அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்தானே? கல்லூரி டென்னிஸில் மூன்று இரட்டையர் ஆட்டம் சேர்ந்து ஒரு புள்ளி, ஆறு ஒற்றையர் ஆட்டம் ஆளுக்கு ஒரு புள்ளி. நான்கு புள்ளி எடுத்தால் வெற்றி. ஒற்றையரில் ஆறு பேர்தான் இறங்க முடியும். உங்கள் மகள் ஏழாவதோ எட்டாவதோ. ஏழாவது ஆள் காலையில் மற்றவர்களோடு ஓடுவாள், அதே எடை தூக்குவாள், அதே பஸ்ஸில் எட்டு மணி நேரம் போவாள். பிறகு வேலிக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டுத் திரும்புவாள். இரவில் வெப்ப இயக்கவியல் வீட்டுப்பாடம். இதைச் செய்துகொண்டிருப்பவளைப் பொறுமை இல்லாதவள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அவளிடம் 'ஏன் போகிறாய்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக வைத்திருப்பாள். பயிற்சி இல்லாத நாளில் என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். தானாகப் பந்துக்கூடையை எடுத்துக்கொண்டு போய் சர்வ் போடுகிறாளா? போடுகிறாள் என்றால் அவள் டென்னிஸை விடவில்லை, அந்த இடத்தைத்தான் விட நினைக்கிறாள். அவளை மறிக்காதீர்கள். ராக்கெட்டைத் தொட்டே ஒரு மாதம் ஆகிறது என்றால் புதிய கல்லூரியிலும் இதே கோடு, இதே வலைதான் இருக்கப்போகிறது. அப்போது பேச வேண்டியது கல்லூரியைப் பற்றி இல்லை, ஆட்டத்தைப் பற்றி. அது உங்களுக்கு இதைவிடக் கஷ்டமான பேச்சு என்பது எனக்குப் புரிகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்தது இரண்டு பேருமல்லவா.

இன்னொரு வழியும் இருக்கிறது, நம் ஆட்கள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதால் யோசிப்பதே இல்லை. டிவிஷன் த்ரீ. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, தேவை பார்த்தோ மதிப்பெண் பார்த்தோ தருவார்கள். எம்.ஐ.டி., கால்டெக் இரண்டின் அணிகளும் டிவிஷன் த்ரீதான் என்றால் உங்கள் மைத்துனர் வாயை மூடிக்கொள்வார். பொறியியலும் வேண்டும், சனிக்கிழமை இறங்கி ஆடவும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அந்த மாதிரிக் கல்லூரி ஒன்று பொருந்தலாம்.

எதுவானாலும் பெயர் கொடுக்கும் முன் அவள் துறையின் ஆலோசகரிடம் போய் உட்காரட்டும். எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குச் செல்லும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். போர்ட்டல் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. அவள் ஆட்டத்துக்கான தேதி எது என்பதைக் கல்லூரியின் விளையாட்டு விதிமுறை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். போன வருடம் அவள் அணியிலிருந்து மாறிப்போன பெண் யாராவது இருந்தால் அவளிடம் பேசச் சொல்லுங்கள். கோச்சுகள் சொல்லாததை அவள் சொல்வாள்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மி நகரும்தான், எங்கே நகர்த்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு அடித்தால் நல்லது என்று பேத்தி நினைக்கிறாள் போலிருக்கிறது.

இப்போது வசந்தகாலப் போட்டிகள் ஆரம்பித்திருக்கும். அணியின் பக்கத்தில் அட்டவணை இருக்கும், ஒரு சனிக்கிழமையைப் பார்த்து விமான டிக்கெட் போடுங்கள். அவள் ஆட மாட்டாள் என்று தெரிந்தே போங்கள். வேலிக்கு வெளியே அவள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீங்களும் நின்று, மூன்று மணி நேரம் ஆட்டத்தைப் பாருங்கள். சாயங்காலம் எங்காவது தோசை கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். பேச்சை அவளே ஆரம்பிப்பாள். கிரெடிட் கணக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.