கடல் பெப்டைடு கேப்சூலை நம்பி கீமோவை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. வாந்தியும் சோர்வும் தாங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ‘கடல் பெப்டைடு’ கேப்சூல் தருகிறார், மாதம் 18,000 ரூபாய். ‘இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது, மூன்று மாதம் கீமோவை நிறுத்திப் பாருங்கள்’ என்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரை நகல்கூடக் கொடுத்தார். நம்பலாமா?

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு மாதிரி. இயற்கைப் பெப்டைடுகளிலிருந்து புற்றுநோய் மருந்துகள் வந்திருப்பது உண்மைதான். மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த டாக்டினோமைசின், 1960-களிலிருந்து குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. பிளியோமைசினும் அந்த வகையறாதான். இரண்டுமே ஊசி. பிளியோமைசின் நுரையீரலைக் கெடுத்துவிடும் அபாயம் உண்டு. இயற்கை என்றால் பக்கவிளைவு இல்லை என்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வாய்வழியாகப் போகும் பெப்டைடை, மீன் குழம்பில் இருக்கும் புரதத்தைப் போலவே குடல் செரித்துவிடும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதனால்தான்.

‘சைக்ளோஸ்போரின் கேப்சூலாக வருகிறதே’ என்று விவரம் தெரிந்த ஏஜென்ட் மடக்குவார். வருகிறது. பூஞ்சையிலிருந்து கிடைத்த பெப்டைடுதான். ஆனால் அதன் 11 அமினோ அமிலங்களும் வளையமாக மூடியிருப்பதால் எளிதில் செரிக்காது. அப்படியும் ஆளுக்கு ஆள் உடலில் ஏறும் அளவு மாறும். ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துத்தான் டோஸை முடிவு செய்வார்கள். மேலும் அது புற்றுநோய் மருந்தே அல்ல. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. நீண்ட காலம் எடுத்தால் சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பே கூடும்.

அந்தக் கட்டுரை நகலில் ‘செல்கள் இறந்தன’ என்றிருக்கும். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள். தட்டில் சாகடிப்பது பெரிய காரியமில்லை. கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத நத்தையில் கிடைத்த டோலாஸ்டாட்டின் 10 ஆய்வகத்தில் அபாரமாக வேலை செய்தது. நோயாளிகளிடம் தனி மருந்தாகத் தேறவில்லை. பிறகு அதைப் போலவே செயற்கையாக ஒரு மூலக்கூறு செய்து, புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தோடு கோத்தார்கள். 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது: பிரென்டக்சிமாப் வெடோட்டின். அதுவும் சில லிம்போமாக்களுக்கு (நிணநீர்ப் புற்றுகளுக்கு), மருத்துவமனையில் டிரிப்பாக ஏற்றுவது. உங்கள் அப்பாவின் நோய்க்கு அல்ல.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மருந்து உற்பத்தி உரிம எண் இருக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கும். பக்கத்திலேயே எறும்பு எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். லேபிளில் உணவு, வாயில் மருந்து. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டை யார் தடுக்கிறார்கள்? புகார் போனால்தான் கோப்பு நகரும். அதற்குள் பெயரை மாற்றி அடுத்த பாட்டில் வந்துவிடும். ஓ.பி.யில் டாக்டருக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை, ஏஜென்ட் சோபாவில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். ஜனங்கள் யாரை நம்புவார்கள்?

அடுத்ததாக ‘டிரையலில் சேர்த்துவிடுகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்பார்கள். முறையான மருந்துப் பரிசோதனை இந்தியாவின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடமே காசு கேட்டால், அது வியாபாரம்.

அப்பாவின் வாந்தியை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள்: எத்தனை முறை, கீமோ ஏற்றி எத்தனையாவது நாள், எடை எவ்வளவு குறைந்தது. வாந்தி மருந்தை மாற்றலாம், கீமோ அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளியும் வைக்கலாம். அந்த முடிவை டாக்டர் எடுக்கட்டும். அடுத்த கீமோவுக்குப் போகும்போது கேப்சூல் பாட்டிலையும் கொண்டுபோங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.